30 நிமிட ஓட்டத்துக்குப் பிறகுதான் பாதி வேலை: காயத்திலிருந்து 800, 1500 பயிற்சிக்குத் திரும்பிய அனுபவம்

காயம் ஆறி மறுபடி ஓடத் தொடங்குபவர்களுக்கான அட்டவணைகள் நிறையவே இருக்கின்றன. ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆரம்பித்து, வாரா வாரம் ஓட்டத்தைக் கூட்டி, 30 நிமிடம் நிற்காமல் ஓடும் இடத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். உடல்நலத்துக்காக ஓடுபவருக்கு அது போதும். 800 மீட்டரும் 1500 மீட்டரும் போட்டியில் ஓடுபவருக்கு அங்கேதான் கஷ்டமான பகுதி தொடங்குகிறது. ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) போட்டுக்கொண்டு, வளைவில் சாய்ந்து, மூச்சு முட்ட கடைசிச் சுற்றை ஓடும்போது கால் தாங்கும் சுமை வேறு; மெதுவாக 30 நிமிடம் ஓடும்போது தாங்குவது வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது என்பதை நான் போன வழியை வைத்தே சொல்கிறேன்.

எனக்கு வந்தது முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பில், உள்பக்க விளிம்பில், கணுக்காலுக்குச் சற்று மேலே. எலும்பு விரிசல் விடுவதற்கு முந்தைய நிலை. ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன் என்பார்கள். ஆரம்பத்தில் வார்ம்-அப் முடியும்வரை லேசாக வலிக்கும், அப்புறம் மறைந்துவிடும். சில வாரங்களில் மறையாமல் ஓட்டம் முழுக்கக் கூடவே வந்தது. பிறகு படிக்கட்டு இறங்கும்போதும் வந்தது. இந்த வரிசையைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது சூடேறிக் குறைகிற வலி பெரும்பாலும் தசைநாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரை, சேர்ந்தது. ஓட ஓடக் கூடுகிற வலி, முக்கியமாக ராத்திரி படுத்த பிறகும் குடைகிற வலி, எலும்பைச் சந்தேகிக்க வைக்க வேண்டியது.

விரலால் அழுத்திப் பார்ப்பதும் நிறையச் சொல்லும். உள்பக்க விளிம்பு நெடுக, கையளவு நீளத்துக்கு வலித்தால் அது ஓடுபவர்களில் பலருக்கும் வரும் ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்ற கால் எலும்பு ஓர வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒற்றை விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் சுரீர் என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். தொடக்க நிலையில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். எம்ஆர்ஐயில்தான் எலும்புக்குள் இருக்கும் நீர்க்கோப்பு தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரியவந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எல்லா எலும்புக் காயமும் ஒன்றுபோல ஆறாது. கால் எலும்பின் உள்பக்கப் பின்விளிம்பு ஓரளவு நன்றாக ஆறும் இடம். அதே எலும்பின் முன்பக்க விளிம்பு, தொடை எலும்பின் கழுத்து, பாதத்தின் நடுவே உள்ள நேவிகுலர் எலும்பு ஆகியவை ஆபத்தான இடங்கள். அங்கே காயம் என்றால் நான் கீழே எழுதுவது எதையும் மருத்துவர் பச்சைக்கொடி காட்டும்வரை தொடக் கூடாது.

ஏன் இவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. எலும்பு எப்படிச் சரியாகிறது என்று பிசியோ உட்கார வைத்து விளக்கிய பிறகுதான் பொறுமை வந்தது. தேய்ந்த பகுதியை முதலில் உடல் கரைத்து எடுக்கிறது. இதற்குச் சுமார் மூன்று வாரம் ஆகும். அந்த இடத்தில் புது எலும்பு படிந்து கெட்டியாக மூன்று மாதம் வரை ஆகும். நடுவில் ஒரு காலகட்டம் இருக்கிறது: பழையது போயிருக்கும், புதியது இன்னும் இறுகியிருக்காது. வலி குறைந்து நமக்குத் தெம்பு வருவது பெரும்பாலும் அந்தக் காலகட்டத்தில்தான். வலி போய்விட்டது என்பதற்கும் எலும்பு தயார் என்பதற்கும் இடையே பல வாரங்கள் இருக்கலாம் என்று தெரிந்தால், அவசரம் தானாகக் குறையும்.

அதற்காகச் சும்மா படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. தண்ணீருக்குள் ஓடுவதை நான் முழு மனதோடு சிபாரிசு செய்கிறேன். இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, தரையில் கால் படாத ஆழத்தில், ஓடுவது போலவே கையையும் காலையும் இயக்குவது. எலும்புக்கு அதிர்ச்சியே கிடையாது. ஆனால் மெதுவாகச் செய்தால் பலனும் கிடையாது; இன்டர்வலாகச் செய்ய வேண்டும். ஒரு நிமிடம் முழு முனைப்பு, 30 விநாடி ஓய்வு. அல்லது மூன்று நிமிடம் கடினம், ஒரு நிமிடம் இலகு. தண்ணீரில் இதயத் துடிப்பு தரையில் ஓடுவதைவிட நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து குறைவாகவே காட்டும். அதனால் கடிகாரத்தைப் பார்த்து, முயற்சி போதவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். சைக்கிளும் நல்லதுதான்.

இதெல்லாம் எதற்கு? 800 மீட்டரிலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சக்தி ஆக்சிஜன் வழியாக வருகிறது. 1500-இல் ஐந்தில் நான்கு பங்கு. அந்தத் திறன் ஓய்வில் சீக்கிரமே இறங்கும். நன்றாகப் பயிற்சி பெற்றவர்களைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லிக் கவனித்த, 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 21 நாளில் 7 சதவீதமும் 56 நாளில் 16 சதவீதமும் குறைந்தது. தொடக்கத்தில் குறைவது பெரும்பாலும் இரத்தத்தின் நீர் அளவு சுருங்குவதால். அதனாலேயே பயிற்சி தொடங்கியதும் அந்தப் பகுதி வேகமாகத் திரும்பி வந்துவிடுகிறது. தண்ணீரிலும் சைக்கிளிலும் உழைத்துவிட்டு வந்தால் இன்னும் வேகமாக வரும்.

ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மூச்சு சில வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்கவில்லை, இதயம் சீராக இருக்கிறது, இன்னும் இரண்டு ரெப் (இடைவேளை விட்டு அதே தூரத்தை மறுபடி ஓடுவது) ஓடலாம் என்று உடம்பே சொல்லும். அந்தக் குரலுக்குக் காலின் நிலைமை தெரியாது. திரும்பி வரும் மாதங்களில் பயிற்சியை எங்கே நிறுத்துவது என்பதை மூச்சை வைத்து நான் முடிவு செய்யவே இல்லை. காகிதத்தில் எழுதிக்கொண்டு போனதை ஓடினேன், நிறுத்தினேன். மிச்சமிருந்த தெம்பை அதே நாளில் சைக்கிளில் தீர்த்துக்கொண்டேன்.

தரையில் ஓடத் தொடங்குவதற்கு முன் மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். வேகமாக 30 நிமிடம் நடந்தால் வலி இருக்கக் கூடாது. மறுநாளும் இருக்கக் கூடாது. எலும்பை அழுத்தினால் வலிக்கக் கூடாது. ஒற்றைக் காலில் தொடர்ந்து துள்ளினால், பாதிக்கப்பட்ட காலும் மற்றக் காலும் ஒரே மாதிரி உணர வேண்டும். கடைசியில் சொன்னது உயரத்தைப் பற்றியது மட்டும் இல்லை. தரையைத் தொட்டு எழும் சத்தத்தைக் கேளுங்கள். ஒரு கால் பட்டென்றும் இன்னொரு கால் தொப்பென்றும் விழுந்தால் கெண்டைக்கால் இன்னும் தயாராகவில்லை.

கெண்டைக்காலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடுத்தர தூர ஓட்டக்காரரின் இயந்திரமே அதுதான். வெளியே உருண்டு தெரியும் தசைக்கு அடியில் சோலியஸ் என்று ஒரு தட்டையான தசை இருக்கிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் அது உடல் எடையைப் போல ஆறிலிருந்து எட்டு மடங்கு விசையைத் தருகிறது. கால் எலும்பு வளைவதைப் பிடித்து நிறுத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஓய்வுக் காலத்தில் அது மெலிந்துவிட்டால் அந்தச் சுமை எலும்புக்குப் போகிறது. முழங்காலை நீட்டி வைத்துக் குதிகாலைத் தூக்குவது மேல் தசைக்கு. முழங்காலை மடக்கி வைத்துத் தூக்குவது சோலியஸுக்கு. இரண்டும் வேண்டும். ஒற்றைக் காலில், முழு உயரத்துக்கு, அவசரப்படாமல், 25-இலிருந்து 30 முறை தூக்க முடிகிற வரை எடை சேர்க்காமல் செய்யலாம். அதற்குப் பிறகு எண்ணிக்கையைக் கூட்டிப் பிரயோஜனம் இல்லை. எடையைக் கூட்ட வேண்டும். மடியில் எடை வைத்து உட்கார்ந்தபடி ஆறிலிருந்து எட்டு முறை மட்டும் தூக்க முடிகிற அளவுக்குப் போனபோதுதான் எனக்கு உண்மையான மாற்றம் தெரிந்தது. வாரத்துக்கு இரண்டு நாள், ஓட்டம் முழுவதுமாகத் திரும்பிய பிறகும், இன்றுவரை செய்கிறேன்.

நடை-ஓட்டக் கட்டத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. வலியே இல்லாமல் இரண்டு முறை முடித்தால்தான் அடுத்த படி. இடையில் லேசாகத் தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, இரண்டு நாள் கழித்து முந்தைய படியிலிருந்து தொடங்குவது. தசைநாண் காயத்தில் லேசான வலியோடு பயிற்சி செய்யலாம் என்பார்கள். பத்துக்கு ஐந்துக்கு மேல் போகாமல், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி என்ற அளவுகோலைப் பிசியோக்கள் பயன்படுத்துகிறார்கள். எலும்புக்கு அந்தச் சலுகை கிடையாது. எலும்பில் பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடக் கூடாது என்று சொல்லவே தேவையில்லை. நமக்கு இருக்கும் ஒரே எச்சரிக்கை மணி அந்த வலிதான்.

இந்தக் கட்டத்தில் எனக்கு உதவிய ஒரு சின்ன உத்தி உண்டு. எலும்புச் செல்கள் தொடர்ச்சியாக வரும் அதிர்வுகளுக்குச் சீக்கிரமே மரத்துப்போகின்றன. சில மணி நேர இடைவெளிக்குப் பிறகு மறுபடி கூர்மையாகின்றன. அதனால் எலும்பை வலுவாக்க ஒரே மூச்சில் நீண்ட ஓட்டத்தைவிட, காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று பிரிப்பது மேல். காலையில் 12 நிமிடம், மாலையில் 12 நிமிடம் என்று ஓடியபோது 25 நிமிடத் தொடர் ஓட்டத்தைவிடக் கால் நிம்மதியாக இருந்தது.

சரி, 30 நிமிடம் வந்துவிட்டது. இனி வேகம்.

பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, முதலில் தூரத்தை முழுவதும் கட்டி முடி, பிறகு வேகத்தைத் தொடு என்பது. நான் அதை அப்படியே ஏற்கவில்லை. மாதக்கணக்கில் ஒரே மெதுவான வேகத்தில் ஓடிவிட்டு, ஒரு நாள் திடீரென்று டிராக்கில் 200 மீட்டர் ரெப்களை ஆரம்பித்தால் எலும்புக்கும் கெண்டைக்காலுக்கும் அது பெரிய அதிர்ச்சி. எலும்பு தேய்வதில் எத்தனை அடி என்பதைவிட ஒவ்வோர் அடியும் எவ்வளவு பலமாக விழுகிறது என்பதே முக்கியம். சுமை கொஞ்சம் கூடினாலும் பாதிப்பு பல மடங்கு கூடும். ஆகவே வேகத்தைத் தள்ளிப்போட்டு மொத்தமாகக் கொடுப்பதைவிட, சீக்கிரமே தொடங்கி மிகச் சிறிய அளவில் கொடுப்பது சரி என்பது என் கருத்து. என் பயிற்சியாளரும் அதே பக்கம் இருந்தார்.

30 நிமிட ஓட்டம் இரண்டு வாரம் சிக்கலில்லாமல் போனதும், ஓட்டத்தின் முடிவில் புல்தரையில் 60 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ் நான்கு. முதல் 20 மீட்டரில் மெல்ல வேகம் ஏற்றி, நடு 20 மீட்டரில் பிடித்து, கடைசி 20 மீட்டரில் தளர்ந்து முடிப்பது. நடந்தே திரும்பி வருவது. வேகம் 3000 மீட்டர் போட்டி வேகத்துக்கு மேல் போகக் கூடாது. வாரத்துக்கு இரண்டே நாள். மறுநாள் ஓட்டமே இல்லை. சைக்கிள் அல்லது தண்ணீர். இது ரொம்பக் குறைவாகத் தெரியலாம். ஆனால் அந்த நான்கு ஸ்ட்ரைட்ஸில் ஒவ்வொரு காலும் வைக்கும் வேகமான அடிகள் அறுபது எழுபதுதான் இருக்கும். அந்த அறுபது அடிகள், வேகம் இன்னும் நம்மிடம் கேட்கப்படும் என்ற செய்தியை எலும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

அப்புறம் தூரமும் எண்ணிக்கையும் மெல்லக் கூடும்: ஆறு முறை 80 மீட்டர், பிறகு எட்டு முறை 100 மீட்டர். கடைசியில்தான் வேகம். ஒரே வாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டவே இல்லை. வாரத்துக்கு 10 சதவீதம் கூட்டலாம் என்று ஒரு விதி எல்லோர் வாயிலும் இருக்கிறது. மெதுவான ஓட்டத்தின் தூரத்துக்கு அதை ஒரு கைப்பிடியாக வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அதே 40 கிலோமீட்டர் வாரத்துக்குள் இரண்டு கிலோமீட்டர் வேக ஓட்டம் புதிதாக நுழைந்தால் அந்த விதி எதையும் சொல்லாது. தூரம் கூடவில்லை, எல்லாம் சரி என்றே காட்டும். வேகமாக ஓடிய மீட்டர்களைத் தனியாக எழுதி வையுங்கள். என் நோட்டில் அதற்கு என்று ஒரு தனிப் பத்தி இருந்தது. முடிவுகளை எடுக்க உதவியது அதுதான்.

மேட்டு ஓட்டம் எனக்கு நன்றாக உதவியது. மிதமான ஏற்றத்தில் எட்டிலிருந்து பத்து விநாடி வேகமாக ஏறி, நடந்து இறங்குவது. தரை எதிர்கொண்டு வருவதால் கால் விழும் உயரம் குறைவு, அதிர்ச்சியும் குறைவு; ஆனால் தசை முழுச் சக்தியையும் கொடுக்க வேண்டியிருக்கும். எலும்புக் காயத்திலிருந்து திரும்புபவருக்கு வேகத்தை நோக்கி இதைவிட நல்ல பாலம் எனக்குத் தெரியவில்லை. குதிகால் தசைநாணில் காயம் பட்டவருக்கோ இதே பயிற்சி வேறு மாதிரி ஆகிவிடும். ஏற்றத்தில் குதிகால் தாழ்ந்து தசைநாண் அதிகம் இழுபடும். அவர்கள் சமதரை ஸ்ட்ரைட்ஸை முதலில் வைத்துக்கொண்டு மேட்டைக் கடைசியில் சேர்ப்பது நல்லது. கூடப் பயிற்சி செய்பவர் தன் காயத்துக்கு வைத்திருக்கும் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதுவே போதும்.

டிராக்குக்குத் திரும்பும்போது வளைவை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. எதிர்க் கடிகாரச் சுற்றில் ஓடுவதால் இடது கால் எப்போதும் உள்ளே, வலது கால் வெளியே. இரண்டுக்கும் விழும் விசை ஒன்றில்லை. கால் எலும்பு முறுக்கப்படுவதும் ஒன்றுபோல இல்லை. முதல் லேனின் வளைவு ஆரம் 36.5 மீட்டர், எட்டாவது லேனில் சுமார் 45 மீட்டர். வேகமாக ஓடும்போது இந்த வித்தியாசம் காலுக்கு நன்றாகவே தெரியும். ஆரம்பத்தில் நேர்கோட்டில் வேகம், வளைவில் நடை என்று வைத்துக்கொண்டேன். பிறகு வளைவையும் சேர்த்து ஓடியது வெளி லேன்களில். டிராக் காலியாக இருந்த நாட்களில் வார்ம்-அப்பையும் இடைவேளை ஜாகிங்கையும் எதிர்த்திசையில் செய்தேன்.

ஸ்பைக்ஸைக் கடைசியில் வையுங்கள். பயிற்சிக் காலணியின் குதிகால் உயரம் ஸ்பைக்ஸில் கிடையாது. குதிகால் சில மில்லிமீட்டர் கீழே போனாலே கெண்டைக்காலும் தசைநாணும் கூடுதலாக நீள வேண்டும், கூடுதலாக இழுக்க வேண்டும். நான் முதலில் டிரில்ஸுக்கு (ஓட்ட அசைவுப் பயிற்சிகளுக்கு) மட்டும் போட்டேன். பிறகு இரண்டு ஸ்ட்ரைட்ஸ். பிறகு சாதாரணக் காலணியில் ஓடும் இன்டர்வலில் கடைசி இரண்டு ரெப் மட்டும் ஸ்பைக்ஸில். முழுப் பயிற்சியையும் அதில் ஓடியது போட்டி நெருங்கும்போதுதான். அந்த முதல் நாட்களில் கெண்டைக்கால் இரண்டு நாள் கனத்துக் கிடந்தது. தசை வலிப்பது வேறு, எலும்பு வலிப்பது வேறு என்பதை விரலால் அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அப்போது ரொம்பக் கைகொடுத்தது.

இன்டர்வல்களை எந்த வேகத்தில் தொடங்குவது? போட்டி வேகத்தை 100 மீட்டருக்கு எத்தனை விநாடி என்று மாற்றிக்கொண்டால் யோசிப்பது எளிது. 1500-ஐ நான்கரை நிமிடத்தில் ஓடுபவருக்கு 100 மீட்டருக்கு 18 விநாடி. 800-ஐ 2 நிமிடம் 8 விநாடியில் ஓடுபவருக்கு 16 விநாடி. அந்த இரண்டு விநாடிதான் எலும்புக்கு மிக விலை உயர்ந்தது. அதனால் நான் 1500 வேகத்திலேயே நெடுநாள் நின்றேன். 200 மீட்டர் ஆறு, 200 மீட்டர் நடை இடைவேளையோடு, பிறகு எட்டு, பிறகு 300 மீட்டர்கள். மூச்சுக்கான கடின வேலையை இதில் தேடவில்லை. அதை நான்கு, ஐந்து நிமிட டெம்போ (கடினமாக, ஆனால் சீரான வேகத்தில் ஓடும்) துண்டுகளில், நேரான சமதரையில், தனி நாளில் செய்தேன். 1500 வேகத்தில் 400 மீட்டர் ரெப்கள் நிதானமாக வந்த பிறகுதான் 800 வேகத்தை 150 மீட்டர் துண்டுகளில் தொட்டேன். இரண்டு கடினமான நாட்களுக்கு நடுவே குறைந்தது 72 மணி நேரம். வாரத்தில் மூன்று கடினமான நாள் வைத்துப் பழகியவருக்கு இரண்டு நாள் என்பது குறையாகத் தோன்றும். திரும்பி வரும் முதல் பருவத்துக்கு இரண்டு போதும், தாராளமாகப் போதும்.

மெதுவான ஓட்டத்திலும் ஒன்றை மாற்றினேன். அடிகளைச் சற்றுச் சிறிதாக்கி, நிமிடத்துக்கு அடி எண்ணிக்கையை ஐந்து சதவீதம் கூட்டினேன். வேகம் அதேதான். அடி எண்ணிக்கை ஐந்திலிருந்து பத்து சதவீதம் கூடினால் முழங்காலும் இடுப்பும் தாங்கும் சுமை குறைகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். கால் உடலுக்கு ரொம்ப முன்னால் போய் விழுவதும் நின்றுபோனது.

சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் எலும்புக் காயத்தைப் பற்றிப் பேச முடியாது. ஓட்டத்துக்கு ஆகும் செலவைக் கழித்த பிறகு உடலின் மற்ற வேலைகளுக்குப் போதிய சக்தி மிஞ்சாவிட்டால், எலும்பு கட்டும் வேலையை உடல் ஒத்திப்போடும். இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் சூட்டி 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2018-இலும் 2023-இலும் அதைப் புதுப்பித்தது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் நின்றுபோவதும் இதன் முக்கிய அறிகுறி. கடினமாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான் ஆகும் என்று யாராவது சமாதானம் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். ஆண்களுக்கும் இது வரும். தீராத களைப்பு, பாலுணர்வு குறைவது, அடிக்கடி நோய்வாய்ப்படுவது என்று வேறு முகங்களில் வரும். எலும்பில் இரண்டாவது முறை காயம் வந்த எவரும் காலணியை மாற்றுவதற்கு முன் இதைப் பரிசோதிக்க வேண்டும், வைட்டமின் டி அளவையும் சேர்த்து. ஓய்வு எடுக்கும் நாட்களில் எடை கூடிவிடுமோ என்று சாப்பாட்டைக் குறைப்பவர்கள் உண்டு. புது எலும்பு கட்டப்படும் நேரத்தில் செய்யவே கூடாத காரியம் அது.

மனசைப் பொறுத்தவரை, பழைய நேரங்கள்தான் பெரிய தொந்தரவு. நான் முதல் டிராக் மாதத்தில் கடிகாரத்தை இடைவேளைகளை அளக்க மட்டும் பயன்படுத்தினேன். ரெப் நேரத்தைப் பயிற்சியாளர் குறித்துக்கொண்டார், எனக்குச் சொல்லவில்லை. முயற்சியைச் சரியாக உணரக் கற்றுக்கொள்ள அது நல்ல வழியாக இருந்தது. பெரிய ஓட்டக்காரர்களின் கதைகளும் எனக்கு உண்மையிலேயே தெம்பு கொடுத்தன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 1 நிமிடம் 40.91 விநாடியில் 800 மீட்டர் உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷா, முழங்கால் காயத்தால் 2013 உலகப் போட்டியில் ஓடவே இல்லை. 2014 காமன்வெல்த்தில் இரண்டாம் இடம். 2015-இல் உலகப் பட்டம், 2016-இல் மறுபடி ஒலிம்பிக் தங்கம். கெல்லி ஹோம்ஸ் 1997-இல் ஏதென்ஸ் உலகப் போட்டியின் 1500 மீட்டர் தகுதிச் சுற்றில் குதிகால் தசைநாண் காயத்தோடு நொண்டியபடி முடித்தார். அதே ஏதென்ஸில் 2004-இல், 34 வயதில், 800, 1500 இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். இவர்களுடைய திறமைக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று தள்ளிவிடலாம். நான் அதில் பார்த்தது கால அளவை. ருடிஷாவுக்கே திரும்பி முதலிடம் பிடிக்க ஒரு முழுப் பருவத்துக்கு மேல் ஆனது.

முதல் போட்டியாக 800-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 800-இல் முதல் 200 மீட்டரிலேயே கால் உச்ச வேகத்துக்கு அருகில் போகும். கூட்டத்தில் இடித்துக்கொண்டு, குறுக்கே வெட்டி, திடீரென்று அடியை மாற்ற வேண்டியிருக்கும். நான் 3000-இல் தொடங்கினேன், சாதாரண ரேசிங் ஷூவில். அடுத்தது 1500, ஸ்பைக்ஸில். இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரம் விட்டேன். ஒவ்வொரு போட்டிக்கும் மறுநாள் காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் கட்டைவிரலால் எலும்பை மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பார்ப்பது, பிறகு ஒற்றைக் காலில் பத்துத் துள்ளல், இரண்டையும் நோட்டில் குறிப்பது. அதற்கும் மறுநாள் இன்னொரு முறை, ஏனென்றால் எலும்பு சில சமயம் 48 மணி நேரம் கழித்தே பதில் சொல்லும். இரண்டு நாள் காலையிலும் வலி பூஜ்யம் என்று எழுதினால் அந்த வாரம் ஒரு இன்டர்வல் நாள் உண்டு; இல்லாவிட்டால் சைக்கிள். 800-க்குப் பெயர் கொடுத்தது, தொடர்ந்து மூன்று வாரம் அந்தக் காலைக் குறிப்புகளில் பூஜ்யம் தவிர வேறு எதுவும் இல்லாதபோது. அந்தப் போட்டியின் முதல் வளைவில் இடது காலை முழுசாக நம்பி ஊன்ற முடிந்தது. நேரம் என் பழைய சிறந்த நேரத்துக்குச் சற்றுப் பின்னால்தான்; மறுவார இன்டர்வலுக்குக் கால் தயாராக இருந்தது.